போத்தலய்யாவும் உறங்கப்போன ஒன்பது பேரும்

இலங்கை மலைநாட்டிலேயே மிகவும் பயந்த பெண் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். மேடையேறிப் பரிசு வாங்கப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவேன், அது வேறு விஷயம். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு மனிதர் தம் உயிருக்குச் சமமான ஒன்பது போத்தல்களை ஒப்படைத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். தோட்டத்தில் வேறு ஆளா இல்லை? பெரிய கிளாக்கர் இருந்தார், தலைமை ஆசிரியர் இருந்தார், கல்லைப் போல அசையாத என் கணவர் இருந்தார். ஏன் என்னிடம் கொடுத்தார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போத்தலய்யா என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். உலகத்தில் பூப் பைத்தியங்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால், தான் கண்ணாலேயே பார்த்திராத ஒரு பூவுக்காக வருஷக்கணக்கில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான் என்று நான் சத்தியம் செய்வேன். மூச்சை அடக்கினார் என்று சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அடக்குவார். மூக்கையும் வாயையும் துவாயால் கட்டிக்கொண்டு, முழங்கைவரை கை கழுவி, போத்தலின் மூடியைத் திறந்து மூடும்வரை மூச்சுவிட மாட்டார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகுதான் வெளியே ஓடிவந்து காற்று வாங்குவார்.

கதையின் தொடக்கம் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு நடந்தது. என் கணவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் தோட்டம் பட்டிப்பொலப் பக்கம், காட்டை ஒட்டி இருக்கிறது. புதுத் தேயிலை போடக் காட்டோரத்தில் மரம் வெட்டினார்கள். விழுந்த ஒரு பெரிய மரத்தின் உச்சிக் கிளையில் ஒட்டியிருந்த ஓர்க்கிட் செடி ஒன்று கிளைக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததாம். அந்தக் காட்டிலுள்ள ஓர்க்கிட்டுகளை எல்லாம் வீட்டு ஆட்கள் போலப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற போத்தலய்யாவுக்கு இந்த இலை மட்டும் யார் என்று தெரியவில்லை. பூ இல்லை. விரல் நுனியளவில், வெடிக்கும் தருவாயில் ஒரே ஒரு காய் இருந்தது.

கொட்டுகிற மழையில் கம்பளித் தொப்பியைக் கழற்றி, அதற்குள் அந்தக் காயை வைத்து, தொப்பிக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். எதிரே வந்த கங்காணிக்குத் தாங்கவில்லை.

"என்னங்க ஐயா, மண்டைய நனைய விட்டுட்டுத் தொப்பிக்குக் கொட புடிக்கிறீங்க?"

"காய்க்குத் தடிமன், சளி புடிச்சிறக் கூடாது கங்காணி. எனக்குப் புடிச்சா டிஸ்பென்சரய்யா இருக்காரு. இதுக்கு யாரு இருக்கா?"

தோட்டத்து மருந்துக்காரரான அந்த டிஸ்பென்சரய்யாதான் என் கணவர்.

நசுங்கிய செடி சில வாரத்தில் செத்துப்போனது. போத்தலய்யா ஞாயிறு தவறாமல் காடு முழுக்கத் தேடினார். அதே இலையோடு இன்னொரு செடி அகப்படவில்லை. ஆக, அந்தக் காய்தான் எல்லாம். அதற்குள் இருந்த விதையோ முகத்துக்குப் போடும் பவுடர் போல இருந்தது. அவ்வளவு சின்ன விதையில் முளைக்கு வேண்டிய சாப்பாடு இருக்காது. மண்ணில் தூவினால் காற்றோடு போய்விடும். கடல்பாசியைக் காய்ச்சி, சர்க்கரையும் உப்பு வகைகளும் வாழைப்பழச் சாறும் சேர்த்து, போத்தலுக்குள் கட்டியாக உறையவிட்டு, ஒரு கிருமிகூட நுழையாமல் அதன்மேல் விதையைத் தூவ வேண்டும். துரையின் மனைவி தூக்கிப் போட்ட சீமைத் தோட்டப் பத்திரிகைகளைப் படித்தே இவ்வளவும் கற்றுக்கொண்டார்.

கடல்பாசி வாங்க ரயிலேறி ஹட்டனுக்குப் போவார். அங்கே முஸ்லிம் வியாபாரி நானாவின் கடையில் நடந்த பேச்சு எங்கள் தோட்டத்தில் பிரசித்தம்.

"நோம்புக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு. இவ்வளவு கடல்பாசி யாருக்கு ஐயா?"

"புள்ளைகளுக்கு நானா."

"மாஷா அல்லா! எத்தன புள்ள?"

"இன்னும் எண்ணல."

ஐயாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது நானாவுக்குத் தெரியாது. அடுத்த தடவை பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறையப் பேரீச்சம்பழம் சும்மா கொடுத்தனுப்பினாராம்.

சர்க்கரை, வாழைப்பழம், கொதிக்கும் அண்டா, வரிசையாகப் போத்தல்கள், பூட்டிய அறை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? ஐயா கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார் என்று தொழிலாளர் வசிக்கும் லயமெல்லாம் பேச்சு. சிலர் ஆவலோடு, எப்போது இறக்குவார் என்றும் விசாரித்தார்கள். கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார். போத்தலைத் தூக்கி ஆட்டினார், அசையவில்லை. முகர்ந்தார், வாடை இல்லை.

"மேக்க மொனவாத?" என்றார் சிங்களத்தில், இது என்ன என்று.

"மல், மாத்தயா," என்றார் போத்தலய்யா. பூவாம்.

கான்ஸ்டபிள் போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மல் கோ?" பூ எங்கே என்றார்.

"தாம நே மாத்தயா." இன்னும் வரவில்லையாம். எப்போது வரும் என்று கேட்டதற்கு, ஐந்து வருஷத்தில் வரலாம் என்று பணிவாகப் பதில் சொன்னார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடினார். "பிஸ்ஸு," பைத்தியம், என்று எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த ஒரே சொல்லில் விசாரணையை முடித்துக்கொண்டு, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அறுபது போத்தலில் தூவிய விதையில் பெரும்பாலானவை பூஞ்சணம் பிடித்துப் போயின. ஒன்பதில் மட்டும் பச்சைக் கடுகு போல உருண்டைகள் வந்தன. பிறகு கடுகுக்கு இலை வந்தது. நான் இந்தத் தோட்டத்துக்கு வந்து, எனக்கு மகள் பிறந்தபோது, அந்த ஒன்பது போத்தலிலும் அரை விரலளவு செடிகள் நின்றன.

என்னைப் பற்றியும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். படித்ததால் பயம் குறையும் என்பார்கள். எனக்கு என்னென்ன வியாதிக்குப் பயப்பட வேண்டும் என்ற பட்டியல்தான் நீண்டது. குழந்தை பிறந்ததிலிருந்து நோட்டுப் புத்தகமாக ஒரு கொப்பி போட்டு, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவள் அறையின் வெப்பநிலையை ஃபாரன்ஹைட்டில் எழுதிவந்தேன். கூடவே தும்மல் எத்தனை, பால் எவ்வளவு, துணி காய எத்தனை நாள் என்பதும் இருக்கும். "பெரியாஸ்பத்திரியிலகூட இப்பிடி ரெக்கார்டு கெடையாது," என்று என் கணவர் கேலி செய்வார். பஞ்சு வாங்க டிஸ்பென்சரிக்கு வந்த போத்தலய்யா, மூன்று தொப்பி போட்டுக் கம்பளியில் சுற்றி நான் தூக்கி வைத்திருந்த மூட்டையைப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ள புள்ள இருக்கா, இல்ல வெறும் கம்பளி மட்டுந்தானா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒரு தொப்பியைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன்.

மகளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது ஒருநாள் காலையில் வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"தங்கச்சி, ஒரு ஒம்பது பேரு உங்க வீட்டுல தங்கணும்."

"ஒம்பது பேரா? பாய் பத்தாதுங்களே ஐயா!"

"பாய் வேணாம். சாப்பாடும் வேணாம். வந்த நாள்லருந்து தூங்கிக்கிட்டே இருப்பாங்க."

விஷயம் இதுதான். இந்தியாவில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நடக்காது. பேப்பர்கள் எல்லாம் எடுத்துப் போய்வர மூன்று மாதமாகும். போத்தல் செடிகளையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கடல்பாசிக்கு இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற சாப்பாட்டைத் தின்று தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். மூச்சை அடக்கி இடம் மாற்ற அவரைத் தவிர ஆளில்லை. குளிரில் வைத்தால் வளராமல் உறங்கும், சாப்பாடும் கேட்காது என்று எங்கோ ஒரு பத்திரிகையில் இரண்டு வரி படித்திருந்தார். எவ்வளவு குளிர் என்று அந்த இரண்டு வரியில் இல்லை. தோட்டத்தில் குளிர்ப்பெட்டி இருந்தது இரண்டே இடத்தில்: துரை பங்களாவிலும், எங்கள் வீட்டை ஒட்டிய டிஸ்பென்சரியிலும்.

"மேல்தட்டு மருந்துக்கு. கீழ்த்தட்டு ஒங்களுக்கு அண்ணே," என்று என் கணவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். "பாத்துக்கிறது இவதான். எனக்கு நேரமில்ல."

அந்தக் குளிர்ப்பெட்டியே எனக்கு ஒரு திகில். கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரியும், மேலே குளிரும். தீயிலிருந்து எப்படிக் குளிர் வருகிறது என்று என் கணவர் மூன்று தடவை விளக்கினார். மூன்று தடவையும் புரிந்ததாகத் தலையாட்டினேன். போத்தலய்யா சட்டங்களை அடுக்கினார்: சுடர் நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளாகக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கதவைத் திறக்கக் கூடாது. போத்தல்களை இடம் மாற்றவே கூடாது.

"அப்புறம் இன்னொண்ணு தங்கச்சி. அவங்க பக்கத்துல நின்னு பயப்படாதீங்க."

புறப்படும்வரை ஒரு வாரம், ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க வருவதுபோல மாலை நாலு மணிக்கு வந்து, கதவைத் திறந்து, ஒவ்வொரு போத்தலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக மூடிவிட்டுப் போவார். ஒருநாள் கையில் ஓரஞ்சுப் பழம்கூட இருந்தது. அது என் மகளுக்குத்தானாம்.

அவர் போன பத்தாம் நாள் துரை டிஸ்பென்சரியைப் பார்வையிட வந்தார். என் கணவர் லயத்துக்குப் போயிருந்தார். துரை குளிர்ப்பெட்டியைத் திறந்தார். பஞ்சு அடைத்த ஒன்பது போத்தலில் ஒன்பது பச்சைத் திட்டு. குனிந்து பார்த்துவிட்டு, இது என்ன மருந்து என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்ல இங்கிலீஷ் வராது. கடைசியில் வாயிலிருந்து வந்தது: "ஸ்லீப்பிங், சார்."

துரை என்னைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார், என் இடுப்பிலிருந்த கம்பளி மூட்டையைப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கதவை மூடிவிட்டு, நுனிக்காலில் வெளியே போனார்.

போத்தலய்யாவிடமிருந்து கடிதங்கள் வந்தன. "ஒன்பது பேரும் நலமா? சுடர் நீலமாக எரிகிறதா? கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை பரவாயில்லை. மூன்றாம் போத்தலில் இடப்பக்கச் செடிக்கு இலை எத்தனை என்று எண்ணி எழுதவும்." எண்ணி எழுதினேன். எண்ணுவதற்காகக் கதவைத் திறந்ததைச் சேர்த்தால் ஐந்து தடவை ஆகிவிட்டதே என்று அன்று முழுவதும் வருந்தினேன்.

ஆறாவது வாரத்தில்தான் அது என் கண்ணில் பட்டது. இரண்டாம் போத்தலில் இலை நுனிகள் ஒரு மாதிரி இருந்தன. வெந்த கீரை போலக் கண்ணாடித் தன்மை. நிஜமா, என் பிரமையா? அன்று பதினொரு தடவை கதவைத் திறந்தேன்.

"நீ தொறந்து தொறந்து பாத்தே அதுங்க தூக்கம் கெட்டுப்போகும்," என்றார் என் கணவர்.

"இலை ஒரு மாதிரி இருக்குங்க."

"அது தூங்குற எலை. அப்பிடித்தான் இருக்கும்."

தூங்குகிற இலை எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்கும்தான் எப்படித் தெரியும்? போத்தலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று கை விறைத்தது. குளிர்காலத்தில் என் மகளின் கால் இப்படி இருந்தால் நான் சும்மா இருப்பேனா? இடம் மாற்றாதே என்பது அவருடைய சட்டம். படித்தவர், அனுபவசாலி, ஊரில் இல்லாதவர். அவர் சொல்லை மீற நான் யார்? மீறாமல் இருந்து எல்லாம் செத்துப்போனால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மீறி எல்லாம் செத்துப்போனால்?

ஒன்பதையும் எடுக்கத் துணிவு வரவில்லை. மூன்றை எடுத்தேன். மூன்றில் ஒரு பங்குதான் அன்றைக்கு என்னிடம் இருந்த தைரியம். புகை ஆகாது என்று மகளின் அறையில் நாங்கள் நெருப்பு வைப்பதில்லை. அந்த அறை அலுமாரியின் மேல், ஜன்னலோரம், பால்மா டின்னுக்குப் பின்னால் மூன்றையும் வைத்தேன். குளிர்ப்பெட்டியில் காலியான இடத்தில், கணவர் கண்டுபிடிக்காதிருக்க, மருந்து கொடுக்கும் வெறும் போத்தல்கள் மூன்றில் பஞ்சடைத்துப் பின்வரிசையில் நிறுத்தினேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் மோசடி. அவசரத்தில் ஒரு போத்தல் உடைந்து, நாலாவது போத்தல் தேட வேண்டியதாயிற்று.

மூன்று மாதம் முடிந்தது. அவர் வரவில்லை. திரும்பி வருவதற்கான பேப்பரில் ஏதோ தடங்கலாம். நாலாயிற்று, ஐந்தாயிற்று. "ஒன்பது பேரும் நலம்," என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். எழுதும்போதெல்லாம் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. உண்மையைச் சொல்லி நாலு கடிதம் எழுதினேன், நாலையும் கிழித்தேன். குளிர்ப்பெட்டியைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். சுடரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஆறாவது மாதம் ஒருநாள் காலை, பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், தகரப் பெட்டியைத் தலையில் வைத்தபடி நேரே டிஸ்பென்சரிக்கு வந்து நின்றார். வாங்குப் பலகையில் மருந்துக்கு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிச்சுட்டாங்களா?" என்றார்.

நான் குளிர்ப்பெட்டியைக் காட்டினேன். அவரே கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் போத்தல் பழுப்பு. இரண்டாவது பழுப்பு. ஆறு போத்தலையும் வரிசையாக வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் புள்ளியாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. டிஸ்பென்சரியில் இருமிக்கொண்டிருந்தவர்களும் இருமுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு பின்வரிசைக்குக் கை நீட்டி, அந்த மூன்றை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே தங்கச்சி," என்றார் மெல்லிய குரலில். "அப்பிடியே கரைஞ்சு போச்சுங்களா?"

"கரையலங்க ஐயா," என்றேன். அழுகை முந்திக்கொண்டது. "அது மருந்துப் போத்தல். நெசப் போத்தல் மூணும்... பாப்பா ரூமுல இருக்கு. நீங்க மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் மாத்திட்டேன்."

"என்னது?" என்றவர் என் கணவர்.

போத்தலய்யா பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே நடந்தார். பால்மா டின்னை நகர்த்தினார். மூன்று போத்தலிலும் கடல்பாசி கொஞ்சம் சுருங்கியிருந்தது. செடிகள் அவர் விட்டுப்போன அதே உயரத்தில் நின்றன. ஒரு சுற்றுக் கூடவில்லை. ஆனால் பச்சை! அப்படியொரு பச்சை!

"தூங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க," என்று காதோடு சொல்வதுபோலச் சொன்னார். கால் நுனியில் வெளியே வந்தார். வந்ததும், டிஸ்பென்சரிக் கூரைத் தகரம் அதிர, "தூங்குறாங்கய்யா! உசுரோட தூங்குறாங்க!" என்று கத்தினார். இடுப்பை நிமிர்த்தவே முடியவில்லை என்று லீவுத் துண்டு கேட்டு வந்திருந்த ஒருவர் துள்ளி எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

அடுத்தது விசாரணை. கான்ஸ்டபிளே தோற்றார்.

"எந்தத் தேதி மாத்துனீங்க?"

"பாப்பாவுக்கு மொதப் பல்லு வந்த மறுநாள்."

"அந்த ரூமுல குளிரு எவ்வளவு? சுமாரா வேணாம். சரியாச் சொல்லுங்க."

நான் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு பக்கம் புரட்டினார். "காலை 52. மாலை 57. தும்மல் இரண்டு." அடுத்த பக்கம் புரட்டினார். அடுத்ததும் புரட்டினார். நாள் தவறாமல், வேளை தவறாமல், நாலரை மாதம். வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, தூங்க வைக்கிற குளிரு ஒண்ணு இருக்கு, கொல்ற குளிரு ஒண்ணு இருக்கு. நடுவுல கோடு எங்கன்னு நான் படிச்ச பொஸ்தகத்துல எதுலயும் இல்ல. இந்தா, ஒங்க கொப்பியில இருக்கு!"

மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் பிரதி எடுத்தார். ஒரு பக்கம், குளிர்ப்பெட்டிக்குள் வெப்பமானி வைத்து அவரே அளந்த எண்களுக்கு "பிரிஜ்", மறுபக்கம் "பாப்பா ரூம்" என்று தலைப்பு. தும்மலையும் விடவில்லை. "இது எதுக்குங்க ஐயா?" என்றால், "தேவையில்லதான். இருக்கட்டும், அழகா இருக்கு," என்பார். ஒரு தேதியில் மட்டும் காலை எண் இல்லை. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டுத் துளைத்தெடுத்தார். அன்று மகளின் துணி காய மூன்று நாளானது என்பதை வைத்து, ஐம்பதுக்குக் கீழே போயிருக்காது என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

செத்துப்போன ஆறு போத்தலையும் எங்கள் குழாயடியில் அவரே கழுவினார். யாரையும் தொடவிடவில்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரே போத்தலை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்பதையும் நான் எடுத்திருந்தால்? என்று நினைத்தேன். அதை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

மூன்று போத்தல் செடிகளும் வெளியே வந்தன, மரப்பட்டையில் வேர் பிடித்தன. அதற்குள் வேறொரு காகிதமும் வந்தது. எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் இங்கேயே பிறந்திருந்தாலும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்த நாட்டில் பிறந்து, இந்தக் காட்டின் இலைகளை எல்லாம் பெயர் சொல்லி அழைத்தவர், திருச்சிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த வெயிலில் செடிகள் ஒரு வாரம் தாங்காது என்று அவருக்குத் தெரியும். மூன்றையும் தூக்கிவந்து எங்கள் வீட்டு முகப்பில் தொங்கவிட்டார். நான் சட்டங்களுக்காகக் காத்து நின்றேன். ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.

"இந்தத் தடவ ரூல்ஸ் ஒண்ணும் சொல்லலையேங்க ஐயா?"

"ஒங்களுக்கு எதுக்கு ரூல்ஸ்? எப்பிடியும் மீறத்தான் போறீங்க," என்று சிரித்துவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒரு செடியில் ஒரு பூ விரிந்தது. ஒரே ஒரு பூ. நான் போட்ட சத்தத்தில் என் மகள் பயந்து அழுதாள். என் கணவர் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவந்தார். வெளியிதழ்கள் வெள்ளை. வெள்ளை என்றால் பால் வெள்ளை அல்ல, பனி விலகும்போது மலை தெரிகிற வெள்ளை. உள்ளே, முதல் பல் வருவதற்கு முன் என் மகளின் ஈறு இருந்த நிறம். இதைக் கடிதத்தில் எப்படி எழுதுவது? "நிறம் என்ன? சுமாராக எழுத வேண்டாம்," என்று மொட்டு விட்ட செய்தி கேட்டதுமே எழுதிவிட்டார். ஆறு காகிதம் கிழித்தாயிற்று. ஹட்டன் ஸ்டூடியோவில் கேட்டோம். படம் எடுக்கலாம், எல்லாம் கறுப்பு வெள்ளைதான் என்கிறார்கள்.

பூவைக் கிள்ளி, காயவைத்துக் கடிதத்தோடு அனுப்பலாமா என்று ஒரு யோசனை. ஆனால் கிள்ளினால் காய் பிடிக்காது. காய் இல்லையென்றால் விதையும் இல்லை. கிள்ளாமல் விட்டாலோ, இந்தப் பூவுக்காக மூச்சடக்கிய மனிதர் இதைப் பார்க்காமலே போய்விடுவார். அவரைக் கேட்டால் "விடுங்க தங்கச்சி" என்றுதான் எழுதுவார். அதனால்தான் அவரைக் கேட்காமல் உங்களைக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் கிள்ளுவீர்களா, விடுவீர்களா? நிறம் மாறாமல் ஒரு பூவைக் காயவைத்துக் கடல் தாண்டி அனுப்பும் வழி யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து உடனே எழுதுங்கள். ஓர்க்கிட் பூ வாரக்கணக்கில் வாடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சை நம்பி, நான் தினமும் காலையில் அதன் பக்கத்தில் போய், பயப்படாமல் நிற்கப் பார்க்கிறேன்.